பச்சை நோட்டோடு நான்கு நாள்

முதல் நாள் (ஜூன் 16)

ஏழு மணிக்குப் புறப்படுவதாகத்தான் பேச்சு. ஆறரைக்கே அவர் எங்கள் வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். கடற்படையில் இருந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் கடைசிவரை போகாது. நானும் ஆறு மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருமகள் முறுக்கும் கடலை உருண்டையும் கட்டிக் கொடுத்து, "மாமா, வழியில் அவருக்கும் கொடுங்கள்" என்றாள்.

அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். வயது எழுபத்தேழு. அமெரிக்காவின் ரிச்மண்டில் மகன் வீட்டுக்கு நான் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறு மாதம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கை அசைத்ததோடு சரி. ஒரு நாள் என் பேரன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். இந்தப் பக்கமிருந்து நான் ஓடினேன், அந்தப் பக்கமிருந்து அவர் ஓடி வந்தார். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். இருவருமே காயத்தை விட்டுவிட்டு முதலில் பையனின் உதட்டு நிறத்தைப் பார்த்தோம். அவர் நிமிர்ந்து, "நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "இந்தியக் கடற்படையில், மெடிக்கல் அசிஸ்டன்ட்டாக" என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு 'டாக்'. அவர் எனக்கு 'டாக்'.

டாக் என்றால் டாக்டர்தான். ஆனால் நாங்கள் இருவருமே டாக்டர்கள் அல்ல. அமெரிக்காவில் மரைன் என்ற, கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் படைக்கென்று தனியாக மருத்துவ வீரர்கள் கிடையாது. கடற்படைதான் அனுப்பும். எழுத்தில் 'கார்ப்ஸ்மேன்' என்று இருக்கும், வாயில் 'கோர்மன்' என்பார்கள். 1898 ஜூன் 17 அன்று இந்தப் பிரிவு தொடங்கியது. மரைன்களோடு சேற்றில் நடந்து, அவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டு, குண்டு விழும் இடத்துக்கு அவர்கள் கூப்பிட்டதும் ஓட வேண்டியவன் கோர்மன். நாங்கள் அப்படி இல்லை, கப்பலோடு போனவர்கள். மும்பை கொலாபாவில் இருக்கும் அஸ்வினி கடற்படை மருத்துவமனையில் எனக்குப் பயிற்சி. பெரிய கப்பல் என்றால் மருத்துவ அதிகாரி இருப்பார். சின்னக் கப்பலில் சிக்-பே என்ற அந்த ஒற்றை அறைக்கு எல்லாமே மெடிக்கல் அசிஸ்டன்ட்தான். கரை வரும்வரை நோயாளிக்கு நாம், நமக்குக் கடவுள்.

வியட்நாமில் அவரோடு ஒரே பட்டாலியனில் இருந்த கோர்மன்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறார்கள். ஐந்தாவது மரைன் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். இந்த ஆண்டு வாஷிங்டனுக்கு வெளியே ஒரு ஓட்டலில். அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "நான் ஓட்டுகிறேன்" என்றேன். அதுதான் இந்தப் பயணம்.

95ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் போனால் குவாண்டிகோ. சாலையிலிருந்தே மரைன் படை அருங்காட்சியகத்தின் சாய்ந்த கம்பம் தெரிகிறது. 210 அடி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் கொடிக்கம்பத்தை நிமிர்த்திய அந்தக் கோணத்தை நினைவுபடுத்தும்படி கட்டியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை.

உள்ளே எவ்வளவோ இருக்கிறது. பீரங்கிகளையும் விமானங்களையும் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கொரியப் போரின் சோசின் நீர்த்தேக்கம். 1950ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே நடந்த சண்டைக்கு ஓர் அறை. அந்த அறையையே குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். ஜூன் வெயிலிலிருந்து உள்ளே போனதும் தோள் குறுகுகிறது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, தன் கடைவாயைத் தட்டிக் காட்டினார். "வலியை அடக்கும் மார்ஃபின் குழாயை இங்கே ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறார்கள், டாக். இல்லாவிட்டால் உறைந்துவிடும். ஊசி போடும்போது மருந்து இறங்க வேண்டுமே. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அங்கே இருந்தவர். முதல் வகுப்பிலேயே இதைத்தான் சொன்னார்." ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றும் பிளாஸ்மா புட்டிகள் உறைந்துபோய் உதவாமல் போன கதையையும் சொன்னார். வாயின் சூட்டில் மருந்தைக் காத்தவன் எவனோ, அவனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்று, வியட்நாம் பகுதி. ஒரு ஹெலிகாப்டரின் வயிற்றுக்குள் நுழைந்து, அதன் பின்பக்கச் சரிவு வழியாக இறங்கினால் 881 தெற்கு என்ற குன்றின் உச்சியில் நிற்கிறோம். மணல் மூட்டைகள், சத்தம், எல்லாம் இருக்கின்றன. அவர் உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். நான் திரும்பி வந்தபோது அவர் மடியில் ஒரு சின்ன நோட்டு. ராணுவத்தில் கொடுக்கும் பச்சைத் துணி அட்டை போட்ட நோட்டு. என்னைக் கண்டதும் சட்டைப் பையில் வைத்துவிட்டார். நான் கேட்கவில்லை.

இரவு ஓட்டல் சேர்ந்தோம். கால் வீங்கியிருக்கிறது. மீதி நாளை.


இரண்டாம் நாள் (ஜூன் 17)

இன்று எங்கேயும் போகவில்லை. பயணக் கட்டுரையில் ஒரு நாள் முழுவதும் ஓர் ஓட்டல் அறையில் கழிந்தது என்று எழுதுவது சரியாக இருக்குமா என்று யோசித்தேன். ஆனால் இந்த நான்கு நாளில் நான் மிக அதிக தூரம் போனது இன்றுதான்.

பதினொரு பேர் வந்திருக்கிறார்கள். இருவர் சக்கர நாற்காலியில். ஒருவருக்கு ஆக்சிஜன் குழாய். மனைவிமார் நான்கு பேர். ஓட்டலில் ஒரு பெரிய அறையை எடுத்து, நடுவில் மேசை போட்டு, பழைய படங்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். காப்பி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. யாரைக் கூப்பிட்டாலும் 'டாக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒருவர் கூப்பிட்டால் பதினொரு பேரும் திரும்புகிறார்கள். நானும் திரும்பினேன்.

ஒன்றை நான் தவறாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இவர்கள் எல்லோரும் போரில் தோளோடு தோள் நின்றவர்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பிளாட்டூன் என்ற சின்னப் படைக்குழுவுக்கு இரண்டு கோர்மன் என்பது கணக்கு. ஒருவன் அடிபட்டாலோ ஊருக்குப் போனாலோ மற்றவன் தனி. ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில், நான்கு தெரு தள்ளி இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டபோது எல்லோருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். அப்படியானால் இவர்களுக்குள் பொதுவாக இருக்கும் நினைவு எது?

வேலைதான். தொழில்காரர்கள் பேசிக்கொள்வதைப் போல அதைப் பற்றியே காலையிலிருந்து பேசினார்கள். யூனிட் ஒன் என்ற தோள் பையில் எது எந்த அறையில் இருக்கும், இருட்டில் கை எதைத் தேடி எங்கே போகும் என்று ஒருவர் காற்றிலேயே காட்டினார். பெரிய கட்டுத்துணி இங்கே, சின்னது இங்கே, மார்ஃபின் இங்கே, ரத்தம் இழந்தவனுக்கு ஏற்றும் சீரம் ஆல்புமின் டப்பா அடியில், சட்டைப் பொத்தானில் கட்டும் காயச் சீட்டு வெளிப் பையில். மற்ற பத்துப் பேரின் கைகளும் மடியில் அசைந்தன. ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கைகளுக்கு இடம் மறக்கவில்லை.

வாரம் ஒருமுறை மலேரியா மாத்திரை. அதை விழுங்கினால் வயிறு கலங்கும் என்று ஒளித்துவைக்கும் பையன்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த கதை. குடிதண்ணீரைச் சுத்தப்படுத்தப் போடும் ஹாலசோன் வில்லையின் நாற்றம். நாள் முழுக்க ஈரத்தில் ஊறி வெளுத்துப்போன பாதங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்த கதை. "தாய்கூடத் தன் பிள்ளையின் காலை இத்தனை முறை பார்த்திருக்க மாட்டாள்" என்றார் சக்கர நாற்காலிக்காரர்.

பிறகு ஒருவர், "எல்லாவற்றுக்கும் ஏ.பி.சி." என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பிரின், பெனாசிட்டின், காஃபின் மூன்றும் சேர்ந்த அந்த மாத்திரை! எங்கள் சிக்-பேயில் தலைவலி, முதுகுவலி, வீட்டு நினைவு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கொடுத்தோம். "எங்களுக்கும் ஏ.பி.சி.தான்" என்றேன். அறை முழுவதும் சிரிப்பு. பெனாசிட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பிற்பாடு இரண்டு நாட்டிலும் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முகம் தெரியாத எங்கள் கைகள் ஒரே வெள்ளை மாத்திரையை எண்ணிக் கொடுத்திருக்கின்றன என்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் நண்பர் பச்சை நோட்டை மேசைமேல் வைத்தார்.

அதில் பெயர்கள் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள். 'இடது தொடை. சிவப்பு முடி. ரெட் என்பார்கள். பாடிக்கொண்டே இருந்தான்.' 'வயிறு. தண்ணீர் கேட்டான், கொடுக்கவில்லை.' 'இரண்டு கண்களும். என் கையை விடவில்லை.' மொத்தம் முப்பத்தொன்று. அவர் கட்டுப் போட்டு ஹெலிகாப்டருக்கு அனுப்பியவர்கள். அனுப்பியதோடு சரி. ஹெலிகாப்டர் எழும்பிப் போகும், அடுத்த ஆள் கூப்பிடுவான், இவர் ஓடுவார். போனவன் பிழைத்தானா என்று சொல்ல யாரும் திரும்பி வருவதில்லை. பிழைத்திருந்தால் கப்பல் மருத்துவமனைக்குப் போயிருப்பான், அங்கிருந்து ஜப்பானுக்கு, அங்கிருந்து ஊருக்கு. ஊர் என்றால் அமெரிக்காவில் எந்த ஊர்? அவர்களில் பாதிப் பேரை அவர் பட்டப்பெயரால் மட்டுமே அறிவார்.

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் நான்கு பேர் தங்கள் பைகளிலிருந்து தங்கள் நோட்டுகளை எடுத்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர்கள் ஏன் கூடுகிறார்கள் என்று. ஒருவரின் கதை பாதியில் நிற்கும் இடத்திலிருந்து இன்னொருவரின் கதை தொடங்கலாம். இந்தக் கூட்டத்தில் ஒருவர் சண்டை முனையில் இருந்தவர் அல்ல. ஃபூ பாய் தளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கும் இடத்தில் இருந்தவர். இவர்கள் ஏற்றியவர்களை அவர் இறக்கியிருக்கிறார். எல்லோருடைய கேள்வியும் கடைசியில் அவரிடம்தான் போகிறது. அவரோ ஒவ்வொரு முறையும் கண்ணீர் விடுகிறார். "நான் முகத்தைப் பார்க்கவில்லையடா. சீட்டைப் பார்த்தேன், காயத்தைப் பார்த்தேன். கத்தரிக்கோலால் பூட்ஸை வெட்டி எடுத்தேன். எனக்கு பூட்ஸ்தான் ஞாபகம் இருக்கிறது."

ரெட் விஷயம் மாலை வரை ஓடியது. 1968 பிப்ரவரி, வியட்நாமின் ஹுயே நகரத்துக் கோட்டைச் சண்டை. மழைத் தூறல், குளிர். கோட்டைச் சுவரில் டோங் பா கோபுரம். "கோபுரத்தைப் பிடித்த நாள்தான் ரெட்டுக்கு அடிபட்டது" என்றார் என் நண்பர். கோபுரம் பிப்ரவரி 15 அன்று பிடிபட்டது. ஆனால் அன்று இரவே எதிரிகள் திருப்பித் தாக்க, மறுநாள் காலை மறுபடியும் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆக, கோபுரத்தைப் பிடித்த நாள் என்றால் 15ஆ, 16ஆ? இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒருவர் எழுந்து நின்று வாதாடினார். அவருடைய பிறந்த நாள் பிப்ரவரி 15. அன்று மதியம் யாரோ கொடுத்த பீச் பழ டப்பாவைத் திறக்கும்போது ஒருவனைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள், அவன் பாடிக்கொண்டிருந்தான் என்றார். என் நண்பர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "பாடினானா?" "பாடினான். மார்ஃபின் போட்டால் சிலர் பாடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்." "மார்ஃபினுக்கு முன்பே பாடினான்" என்றார் என் நண்பர். நோட்டைத் திறந்து 'பிப். 15' என்று எழுதினார். ஐம்பத்தேழு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில் தேதி இல்லை.

வியட்நாம் போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த, வாஷிங்டனில் இருக்கும் நினைவுச் சுவருக்கு நாளை போகிறோம். எல்லோரும் வரவில்லை. சக்கர நாற்காலிக்காரர் ஒருபோதும் போனதில்லையாம். "என் நோட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் எனக்கு இன்றுவரை பிழைத்தே இருக்கிறார்கள். அங்கே போய் அவர்களை நான் சாகடிக்க மாட்டேன்" என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. நானும் அவர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்.

இன்று ஜூன் 17, கோர்மன் பிரிவு தொடங்கிய நாள் அல்லவா, இரவு கேக் வெட்டினார்கள். கூட்டத்தில் மூத்தவருக்கு முதல் துண்டு, அவர் கையிலிருந்து இளையவருக்கு அடுத்த துண்டு என்பது முறை. மூத்தவர் ஆக்சிஜன் குழாய்க்காரர், எண்பத்து மூன்று. தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து என் முன்னால் நின்றார். நான் 1959இல் பிறந்தவன், அறையில் இருந்த டாக்குகளில் நான்தான் இளையவன் என்று எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். "நான் உங்கள் கடற்படை இல்லையே, ஐயா" என்றேன். "சிக்-பேயில் வேலை பார்த்தீர்களா இல்லையா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். பேச்சு வரவில்லை.


மூன்றாம் நாள் (ஜூன் 18)

விடியற்காலை ஐந்தரைக்கே போய்விட்டோம், ஆறு பேர். வெயில் ஏறிவிட்டால் வயதானவர்களுக்கு ஆகாது, கூட்டமும் வந்துவிடும்.

சுவர் என்கிறார்கள். ஆனால் அது தரைக்கு மேலே எழும்பி நிற்கவில்லை. புல்வெளியை வகிர்ந்து உள்ளே இறங்குகிறது. நாமும் நடக்க நடக்க இறங்குகிறோம், பெயர்கள் நம் தலைக்கு மேலே ஏறிக்கொண்டே போகின்றன. நடுவில் பத்தடி உயரம். 1982 நவம்பர் 13 அன்று திறந்தார்கள். வடிவமைத்த மாயா லின் அதற்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது கல்லூரி மாணவி, இருபத்தொரு வயது. இன்று 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள்.

கல் கறுப்பு. கண்ணாடி போல நம் முகம் தெரிகிறது. அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று தன்னார்வலர் ஒருவர் சொன்னபோது நான் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பெங்களூரிலிருந்து. நம் பக்கத்துக் கருங்கல். வெர்மாண்ட் மாநிலத்தில் அறுத்து மெருகிட்டு, மெம்பிஸில் பெயர்களைப் பொறித்தார்களாம். அதுவரை தள்ளி நின்றுகொண்டிருந்த நான், போய் உள்ளங்கையை வைத்தேன். விடியல் குளிர் அதில் இருந்தது.

பெயர்கள் அகரவரிசையில் இல்லை. இந்த ஒன்றுக்காகவே அந்தப் பெண்ணை நான் கும்பிடுவேன். அகரவரிசையில் இருந்திருந்தால் அது ஒரு டெலிபோன் புத்தகம். இங்கே அடிபட்ட நாள்தான் வரிசை. ஒரே நாளில் விழுந்தவர்கள் ஒன்றாக இருக்கிறார்கள். காயம் பட்டுப் பத்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தாலும் காயம் பட்ட நாளில்தான் அவன் பெயர். ஆக, ஒரு கோர்மன் தன்னுடைய ஒரு நாளைத் தேடிக்கொண்டு இங்கே வர முடியும். ஹெலிகாப்டரில் அனுப்பியவன் போன இடத்தில் இறந்திருந்தால், அவன் இங்கே அந்த நாளின் வரிகளில்தான் இருப்பான்.

தேதிகளைக் கல்லில் பொறிக்கவில்லை. நடுவில் 1959, 1975 என்ற இரண்டு ஆண்டுகள் மட்டும். ஒவ்வொரு நாளுக்குள்ளும் பெயர்கள் அகரவரிசை. அது முடிந்து மறுபடி முதலெழுத்துக்குத் திரும்பும் இடத்தில் மறுநாள் பிறக்கிறது. அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். 1968 பிப்ரவரி கிழக்குச் சுவரின் பாதிக்கு மேல், கல் என் தோள் உயரத்துக்கு இறங்கிவிட்ட இடத்தில் இருக்கிறது. அந்த ஒரு மாதமே எத்தனை பலகைகள்! போரின் தொடக்க ஆண்டுகள் முழுவதும் சில அடிகளில் முடிந்துவிட, இந்த மாதத்தை நடந்து கடக்க வேண்டியிருக்கிறது.

15ஆம் தேதியின் முதல் வரியைத் தன்னார்வலர் காட்டினார். என் நண்பருக்கு எழுத்து தெரியவில்லை. "வாசியுங்கள், டாக்" என்றார். நான் வாசித்தேன். ஓர் இந்தியன் வாயில் அந்தப் பெயர்கள் எப்படி ஒலித்தனவோ, சில பெயர்களை இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் சின்ன வைரக் குறி இருந்தால் இறந்தது உறுதி. சிலுவைக் குறி என்றால் காணாமல் போனவர். எல்லாமே வைரக் குறி. அவர் கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் காத்திருந்தார். ரெட்டின் உண்மையான பெயர் அவருக்கு நினைவில் இல்லை. ஆனால் காதில் விழுந்தால் தெரிந்துவிடும் என்று ஐம்பத்தேழு ஆண்டுகளாக நம்பியிருக்கிறார்.

இரண்டு இடங்களில் என்னை நிறுத்தினார். முதல் பெயர் அவர் பிளாட்டூனைச் சேர்ந்தவன். இறந்தபோது பக்கத்தில் இருந்தார், தெரியும். இரண்டாவதும் தெரியும். "மேலே போங்கள்." நான் கடைசிப் பெயர் வரை வாசித்தேன். அதன் பிறகு 16ஆம் தேதியையும் வாசிக்கச் சொன்னார். பிறந்த நாள்காரர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றார்.

அவர் மனதில் மணி அடிக்கவில்லை. எந்தப் பெயரும் ரெட் ஆகவில்லை.

"அப்படியானால் பிழைத்திருக்கிறான்" என்றார் பிறந்த நாள்காரர். என் நண்பர் வெகு நேரம் பேசவில்லை. "அல்லது அவன் பெயரைக் கேட்டும் எனக்குத் தெரியவில்லை" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் அந்தக் கல்லின் மேல் அவர் கையை எடுத்து வைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

அங்கேயே ஒரு காட்சி. எங்களைப் போலவே அதிகாலையில் வந்திருந்த ஒரு நடுவயதுப் பெண், கல்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தொப்பிகளில் இருந்த மருத்துவச் சின்னத்தைப் பார்த்துவிட்டு வந்து, "நீங்கள் கோர்மன்களா?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா பெயராம் அது. "கடைசியில் அவரோடு ஒரு கோர்மன் இருந்தார் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் அம்மா சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், தனியாகப் போகவில்லை என்று." ஃபூ பாய்க்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அவரைத் தேற்றினாள்.

பிழைத்தவர்களைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு, பிழைக்காத ஒருவனின் வீட்டிலிருந்து இப்படி ஒரு வார்த்தை கிடைத்தது. திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.


நான்காம் நாள் (ஜூன் 19)

சுருக்கமாகவே எழுதுகிறேன், களைப்பு.

காலையில் ஆர்லிங்டன் கல்லறைக்கு அருகில் இருக்கும் மரைன் போர் நினைவுச் சின்னம். ஆறு பேர் கொடிக்கம்பத்தை நிமிர்த்தும் வெண்கலச் சிலை, ஒவ்வொருவரும் 32 அடி. 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமாவில் ஜோ ரோசென்தால் எடுத்த படத்தைப் பார்த்துச் செய்தது. அந்த ஆறு பேரில் ஒருவர் ஜான் பிராட்லி என்ற கடற்படை மருத்துவ வீரர் என்று எழுபது ஆண்டுகள் உலகம் நம்பியது. அந்தக் காலத்தில் பதவியின் பெயர் 'ஃபார்மசிஸ்ட்ஸ் மேட்'. 2016இல் படங்களை மறுபடி ஆராய்ந்து, அது பிராட்லி அல்ல, ஹரால்ட் ஷுல்ட்ஸ் என்ற மரைன் என்று மரைன் படையே அறிவித்தது. ஷுல்ட்ஸ் அதைப் பற்றி ஊர் அறியச் சொல்லாமலே வாழ்ந்து இறந்துவிட்டார்.

கோர்மன்களுக்கு வருத்தமாக இருக்காதா என்று கேட்டேன். என் நண்பர் தலையசைத்து மறுத்தார். "பிராட்லிக்கு நேவி கிராஸ் பதக்கம் கொடுத்தது எதற்குத் தெரியுமா? கொடிக்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 21 அன்று, குண்டு மழையில் ஓடிப் போய் ஒருவனுக்குக் கட்டுப் போட்டதற்கு. அதை யாரும் அவரிடமிருந்து எடுக்கவில்லை. அதை யாரும் படம் எடுக்கவும் இல்லை." இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த உறுதி எனக்குப் பிடித்திருந்தது. கொடி பிடிப்பது எங்கள் வேலை இல்லை என்பதைப் போல நிமிர்ந்து நின்றார்.

ஓட்டல் வாசலில் விடைபெற்றார்கள். அடுத்த ஆண்டு எத்தனை பேர் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆக்சிஜன் குழாய்க்காரர் மீதியிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஃபூ பாய்க்காரர் ஒவ்வொருவரையும் தழுவும்போதும் அவர்களின் காலணியை ஒருமுறை குனிந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

திரும்பும் வழியில் ஃபிரெடரிக்ஸ்பர்க்கைத் தாண்டியதும் அவர் கேட்டார். "டாக், உங்களுக்கு ஒருவன் இருப்பானே?"

இருந்தான். மகனிடம்கூடச் சொன்னதில்லை. 1986, ஜூலை மாதம், வங்காள விரிகுடா. மழைக்காலத்துக் கடல். கப்பல் சாய்ந்த சாய்ப்பில் சமையலறையில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பு அண்டா கவிழ்ந்துவிட்டது. சமையல்கார இளைஞன், ரத்னகிரிக்காரன், இருபத்திரண்டு வயது. வயிறும் இரண்டு தொடைகளும் வெந்துபோயின. கப்பலில் டாக்டர் இல்லை. பத்தொன்பது மணி நேரம் நான் ஒருவன்தான். கப்பல் ஆடும் ஆட்டத்தில் குளுக்கோஸ் புட்டியைக் கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு, களிம்பு தடவி, சிறுநீர் இறங்குகிறதா என்று மணிக்கு மணி அளந்து குறித்தேன். அவன் மராத்தியில் என்னென்னவோ சொன்னான். எனக்கு மராத்தி தெரியாது. அம்மாவைக் கூப்பிடும் 'ஆயி' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. துறைமுகத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. ஏற்றினேன். மறுநாள் காலையே கப்பல் மறுபடி கடலுக்குப் போய்விட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது அவனை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குள் எனக்கும் மாற்றல் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து இருக்கையில் அவர் பச்சை நோட்டைத் திறந்தார். பார்வை மங்கியவர், பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். எந்த ஊர்? எந்தப் பக்கத் தொடை அதிகம்? தேதி?

"ஜூலை 9" என்றேன். "இல்லை, 10. விடிந்துவிட்டது."

"எதுவென்று முடிவு செய்யுங்கள்" என்றார், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு யோசித்தேன்.